எரிமலையாரும் மாப்பிள்ளை வீட்டாரும்

ஒஸ்லோவில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறியதற்குக் குளிரும் காரணமில்லை, உப்பும் காரணமில்லை. முழுப் பொறுப்பும் எரிமலையாருடையது.

வெஸ்ட்லிக் குடியிருப்பில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த டாக்சிக்காரர் அவர். இந்த ஊரைச் சுற்றியுள்ள மலைகள் ஒருகாலத்தில் நெருப்புக் கக்கியவை என்று எங்கேயோ அறிந்த நாள்முதல் அவருக்கு வேறு கதையில்லை. செத்தவீட்டிலும் அதுதான். அவசரமாகப் போகும் பயணியையும் வழியில் இறக்கி, "இந்தக் கல்லைப் பாருங்கோ. தொதல் இனிப்புக்குள்ள கஜு கிடக்கிற மாதிரி வெள்ளை வெள்ளையாத் தெரியுதே? இதெல்லாம் உருகி ஓடினது!" என்பார்.

2004 கோடையில் என் மகள் சுமதியைப் பார்க்கப் பேர்கனிலிருந்து மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் வந்தார்கள். ஏற்கெனவே மூன்று சம்பந்தங்கள் பேசி முறிந்திருந்தன. இதுவும் போனால் நான்கு. வீட்டில் கதிரை ஆறு, கோப்பை எட்டு, வடை நாற்பது என்று எண்ணி வைத்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிவர எரிமலையாரை அனுப்பியதுதான் நான் விட்ட பிழை.

தொலைபேசி அடித்தது.

"மாஸ்டர், பயப்பிடாதேங்கோ. குரோக்ஸ்கூகன் மலைக்கு வந்திட்டம். நல்ல வெயில். பிள்ளையையும் வடையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவையள் பொம்பிளை பாக்க வந்தவை ஐசே, மலை பாக்க இல்லை!"

"ரெண்டையும் பாக்கட்டுமன்."

மனைவியும் மகளும் நானுமாகக் காரை எடுத்துக்கொண்டு ஓடினோம். மேலே, கோடையில் மாடு மேயும் புல்வெளி. நடுவே எரிமலைப் பாறைகளில் வழுக்கிக்கொண்டு ஓர் ஓடை. அதற்குள் மாப்பிள்ளையின் தாய் காஞ்சிபுரச் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி நின்றார். தகப்பன் ஒரு காலின் சப்பாத்தைச் சாணியில் புதைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"கல்லுக் காட்டவோ எங்களைக் கூப்பிட்டனீங்கள்?" என்றார் அந்த அம்மா.

எரிமலையார் பெற்றோர் நால்வரையும் புல்லில் இருத்தினார். "தங்கச்சி, தம்பி, ரெண்டு பேரும் மேல போய்த் தண்ணி பிடிச்சுக்கொண்டு வாங்கோ. அங்கைதான் நல்ல தண்ணி" என்று பிளாஸ்கைக் கொடுத்து அனுப்பினார். பிறகு எங்களுக்கு மலையின் வரலாறு தொடங்கியது. நான் எழும்பும் போதெல்லாம் சேட்டின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இருங்கோ மாஸ்டர், இப்பதான் ரெண்டாந்தரம் வெடிக்கப் போகுது."

எனக்குத்தான் வெடித்தது.

ஒருவழியாக இருவரும் வெறும் பிளாஸ்கோடு வந்தார்கள். "அப்பா, எங்களுக்குச் சரிவராது" என்றாள் மகள். மாப்பிள்ளை தன் தாயிடம், பேர்கனில் தனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்றான். அந்த அம்மா மறுபடி ஓடைக்குள் இறங்கிவிடுவார் போலிருந்தது.

கார் நிறுத்திய இடத்தில் எரிமலையாரைப் பிடித்தேன். "உம்மட மலையால என்ர பிள்ளையின்ர கலியாணம் குழம்பிட்டுது!"

"சூட்கேஸ் ஏத்தேக்கை பொடியன் என்ர கையைப் பிடிச்சவன், மாஸ்டர். 'பொம்பிளையோட தனியக் கதைக்க ஒரு வழி செய்யுங்கோ அண்ணை' எண்டவன். தாய்க்குப் பயந்து உங்கட வீட்டில ஓமெண்டு தலையாட்டியிருப்பான். பிறகு ஆர் அழுறது? சுமதியெல்லோ?"

எங்கள் காருக்குள் மகள் தாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்திய மூன்று சம்பந்தங்களின் போதும் அவள் ஒருதரம்கூடச் சிரித்ததில்லை.

இன்னும் நன்றாகத் திட்ட வேண்டுமென்றுதான் வாயைத் திறந்தேன். "சாணி மிதிச்சிடாமல் பாத்து வாரும், இண்டைக்கு எங்களோட சாப்பிடும்" என்றுதான் வந்தது.