ஆயிரம் மீட்டர் கோட்டுக்கு மேலே

அன்புள்ள நோட்பூர்கா அக்காவுக்கு,

இன்ஸ்ப்ரூக்கிலிருந்து தம்பி அலோயிஸ் எழுதிக்கொண்டது. நீயும் ஹெர்மன் அத்தானும் நலம்தானே? அத்தானின் கால் கட்டைவிரல் வீக்கம் வற்றியதா? நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. கதகதப்பாக, அளவாக, குறை சொல்ல இடமில்லாமல் இருக்கிறது. ஆனால் தயவுசெய்து இனிமேல் அனுப்பாதே. எனக்கும் மலைக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. பூட்ஸைக்கூட மாதா கோவில் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிடப் போகிறேன். போனில் நீ கேட்டபோது முட்டி வலி என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அத்தானுக்குப் படித்துக் காட்டாதே, சிரிப்பார்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் டாக்டரம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரோஸ்விதா என்று பெயர். ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர், கணவரை இழந்தவர். எனக்குச் சளி பிடித்தால் பார்லி சூப் கொண்டுவருவார். அவர் ஊருக்குப் போனால் அவருடைய ஜெரேனியம் செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றுவேன். இத்தனை வருஷமாக அவர் எனக்கு டாக்டரம்மா, நான் அவருக்கு இன்ஜினியர் சார். வாங்க, போங்க, உட்காருங்க, சூப் ஆறிடப் போகுது. அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. நம் ஊர் முறைதான் உனக்குத் தெரியுமே! வயதில் மூத்தவர்தான் முதலில் 'இனிமேல் நீ என்றே கூப்பிடலாம்' என்று சொல்ல வேண்டும். ஆனால் ஆணும் பெண்ணுமாக இருந்தால் பெண்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் அவரைவிட நான்கே மாதம் மூத்தவன். அவரோ பெண். நான் அவருக்காகக் காத்திருக்கிறேன், அவர் எனக்காகக் காத்திருக்கிறாரோ என்னவோ, இதற்கிடையில் தலைமுடி மொத்தமும் நரைத்துவிட்டது, என் தலையைச் சொல்கிறேன், அவருடையதை இல்லை.

இப்படியே இருந்திருப்பேன். ஆனால் போன வசந்தத்தில் படிக்கட்டில் நின்று, மகன் கிராட்ஸுக்கு வந்துவிடச் சொல்கிறான், இலையுதிர் காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார். என் கையில் இருந்த பால் பாட்டில் நழுவிவிட்டது. போகாதே என்று சொல்ல வேண்டும், அக்கா. ஆனால் 'டாக்டரம்மா, தயவுசெய்து இங்கேயே தங்கிவிடுங்கள்' என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது.

அப்போதுதான் மலை ஞாபகம் வந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் மந்திரியும் மாடு மேய்ப்பவரும் ஒருவருக்கொருவர் 'நீ'தானே? மூத்தவர், இளையவர், ஆண், பெண் என்ற தொல்லையெல்லாம் அங்கே கிடையாது. உடனே வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். வாழ்நாள் முழுக்க நில அளவைத் துறையில் இருந்தவனில்லையா! ஆயிரம் மீட்டர் உயரக் கோட்டின் மேல் சிவப்புப் பென்சிலை ஓட்டினேன். வீட்டு வாசலிலிருந்து ரோப் கார் அடிவாரம் வரைக்கும் பஸ், அதற்குப் பிறகு ஒரு காலடிகூடக் கோட்டுக்குக் கீழே படாமல் ஒரு பாதை. முதல் நாள் ராத்திரி தங்க லாம்கார் குடில், இரண்டாம் நாள் ராத்திரி ஃபால்பாக் குடில். ஃபால்பாக் குடிலில் மேற்குப் பக்கம் ஒரு பெஞ்சு உண்டு. சூப் முடிந்ததும், சூரியன் இறங்கும்போது, அந்தப் பெஞ்சில் வைத்துக் கேட்டுவிடுவது. இதுதான் திட்டம். டாக்டரம்மாவிடம் காற்று மாற்றத்துக்கு என்று சொன்னேன். உடனே சரி என்றார்.

லாம்கார் குடிலை நடத்தும் வெரோனியை உனக்குத் தெரியாது. குரலே ஒரு கிலோமீட்டர் போகும். நான் வாசலில் "டாக்டரம்மா, நீங்க முதல்ல உள்ள போங்க" என்றதுதான் தாமதம், கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "டாக்டரம்மாவா? யாரு? இங்க அம்மா, சாரு, கீரு எல்லாம் கீழ பஸ் ஸ்டாப்புலயே கழட்டி வச்சுட்டு வரணும். உன் பேரென்ன? அலோயிஸா? உன் பேரு? ரோஸ்விதா. ஆச்சு. செருப்பு அந்த அலமாரில இருக்கு, மாட்டிக்கிட்டு உக்காருங்க ரெண்டு பேரும்!" அவ்வளவுதான் அக்கா. பத்து வருஷத்து மூட்டை ஒரு கரண்டி அசைப்பில் இறங்கிவிட்டது. ரொட்டி உருண்டை சூப் வந்தது. ரோஸ்விதா தலை நிமிராமல், "அலோயிஸ், அந்த உப்பை இப்படித் தள்ளேன்" என்றாள். என் பெயரைக் கேட்ட தடுமாற்றத்தில் மிளகைத் தள்ளினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொது மெத்தையறையில் யாரோ விடிய விடியக் குறட்டை விட்டதாகக் காலையில் எல்லோரும் புகார் சொன்னார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். "அது நீதான்" என்றாள் ரோஸ்விதா. அந்த 'நீ'க்காக இன்னும் நாலு இரவு குறட்டை விடத் தயாராக இருந்தேன்.

இங்கேதான் சனி பிடித்தது. ஃபால்பாக் குடிலிலிருந்து வெரோனிக்கு போன் வந்தது. இரவு மழையில் ஓடை பெருகி நடைபாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். "கீழ உன்டர்டால் கிராமத்துக்கு இறங்கி, அந்தப் பக்கமா ஏறிப் போயிடுங்க, ஒண்ணும் பெரிசில்ல" என்றாள் வெரோனி. ஒன்றும் பெரிசில்லையா! உன்டர்டால் கோட்டுக்குக் கீழே இருக்கிறது அக்கா! நான் வரைபடத்தை விரித்து, இறங்கவே வேண்டாம், மலைச்சரிவை ஒட்டியே குறுக்காகப் போய்விடலாம் என்றேன். "பாதையே இல்லையே அலோயிஸ், எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டாள். காட்சி நன்றாக இருக்கும் என்றேன். காட்சியில் முதலில் முட்புதர் வந்தது, பிறகு காஞ்சொறி வந்தது, அதற்குப் பிறகு ஒரு மேய்ச்சல் சரிவு வந்தது. அங்கே ஒரு பசு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வழிவிடலாம் என்று ஒதுங்கினேன், சேற்றில் கால் வழுக்கி, சாணி, வேலி, முட்டி என்ற வரிசையில் போய் விழுந்தேன்.

ரோஸ்விதா முட்டியைப் பிடித்துப் பார்த்து, பையிலிருந்து ஏதோ களிம்பு எடுத்துத் தடவினாள். பயங்கர நாற்றம். இது என்ன மருந்து என்று கேட்டேன். "மாட்டுக்குப் போடறதுதான். எந்த மாடும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல. பேசாம இரு" என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சேற்றில் உட்கார்ந்ததில்லை. அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் திட்டத்தில் பெஞ்சு என்று இருந்தது, நான் பெஞ்சுக்குக் காத்திருந்தேன், மடையன்.

மாட்டுக்காரர் ஒருவர் டிராக்டரில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார். பால் கேன்களுக்கு நடுவே நான், என் காலை மடியில் தாங்கிக்கொண்டு அவள். என் கண் கைக்கடிகாரத்தின் உயரமானியை விட்டு நகரவில்லை. முள் மெல்ல இறங்கிக் கோட்டைத் தாண்டியது. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் விதி விதிதானே? "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன், டாக்டரம்மா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "பரவாயில்லங்க, இன்ஜினியர் சார்" என்றார். ஊர் வரைக்கும் வேறு பேச்சில்லை. டிராக்டர் சத்தத்தில் பேச முடியவில்லை என்று நினைக்கிறேன். அன்று இரவு உன்டர்டால் விடுதியில் தனித்தனி அறை, மறுநாள் பஸ், எங்கள் படிக்கட்டு, "உடம்பைப் பார்த்துக்குங்க சார்". பெஞ்சும் போச்சு, சூரியனும் போச்சு.

ஆக, அவர் கிராட்ஸுக்குப் போய்விடுவார். ஜெரேனியம் செடிகளையும் கொண்டுபோவார். வரைபடம் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது, மடித்து வைக்கக்கூட மனம் வரவில்லை. எனக்கு அழுகை வருகிறது, அக்கா. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உன்னிடம் எழுதாமல் யாரிடம் எழுதுவேன்? அத்தானைப் புளிப்பும் ஒயினும் தொடாமல் இருக்கச் சொல். ஏரிக்கரைக் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் நடக்காதே. மாதா உங்கள் இருவரையும் சண்டையும் சமாதானமுமாகப் பல்லாண்டு ஒரே வீட்டில் வைத்திருக்கட்டும்.

உன் தம்பி,
அலோயிஸ்

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம். களிம்புடன் டாக்டரம்மா. முட்டியைப் பார்க்க வந்தவர் மேஜையைப் பார்த்துவிட்டார். "இந்தச் சிவப்புக் கோடு என்னங்க சார்?" என்றார். எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும். உயரம், விதி, பெஞ்சு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டிராக்டர்ல நீங்கதானே முதல்ல டாக்டரம்மான்னீங்க? மேல வச்சுப் பேசினதெல்லாம் சும்மா, இப்ப வருத்தப்படறாருன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு நாளா தூங்கல. காலைல மகனுக்கு வரேன்னு போன் பண்ணலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு என் சிவப்புப் பென்சிலை எடுத்து, வரைபடத்தில் இன்ஸ்ப்ரூக்கைத் தேடி, எங்கள் தெருவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதை மலை மேல் இருக்கிற கோட்டோடு இணைத்துவிட்டாள். "இனிமே கோடு இங்கயும் ஓடுது. ஆட்சேபணை உண்டா?" வாழ்நாள் முழுக்க அளவைத் துறையில் இருந்தவன் அக்கா நான்! கோடு நானூறு மீட்டருக்கு மேல் தப்பு! ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "ரோஸ்விதா, இங்கயே இரு" என்றேன். "இருக்கேன். முதல்ல நீ காலைத் தூக்கி ஸ்டூல் மேல வை" என்றாள்.

பூட்ஸைக் கொடுக்கப் போவதில்லை. காலுறை பின்னுவதை நிறுத்திவிடாதே. இந்த முறை இரண்டு ஜோடி. இரண்டாவது கொஞ்சம் சின்னதாக.