வாய்க்கால் ஓவசியரின் மூன்று நாள் மௌனம்

யுத்த காலத்து மட்டக்களப்பில் ஊரடங்குச் சட்டம் ஊர் முழுவதையும் அடக்கியது. அது தோற்றுப்போனது ஒரே ஒரு வாயிடம்தான். எங்கள் நீர்ப்பாசன அலுவலக ஓவசியரின் வாய். வாய்க்கால்களைப் பார்வையிடுகிற வேலை என்பதால்தான் தனக்கு 'வாய்க்கால்' என்று பட்டம் வந்ததாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

"இண்டைக்கு நல்ல வெயில்" என்று யாராவது சொன்னால் போதும். உன்னிச்சைக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர், அது எந்த வயலுக்கு என்றைக்குப் பாயும், அந்த வயல்காரரின் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்று பேச்சு ஓடும். நம் தேநீர் ஆறி அதில் எறும்பு மிதக்கிற வரைக்கும் ஓடும்.

ஒருநாள் அவருடைய மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாவற்குடாவுக்கு அப்பால் வாவிக்கரையில் ஒரு கத்தோலிக்கத் தியான இல்லத்தில் மூன்று நாள் மௌனத் தியானமாம். கணவரின் பெயரைக் கொடுத்தாகிவிட்டதாம்.

"தம்பி, நீங்களும் ஒருக்காக் கூடப் போங்க. இவரத் தனிய விட்டா செக்பொயின்ற்ல நிண்டு கதைச்சே ஆமிக்காரன விசரனாக்கிப் போடுவார்."

"அக்கா, நான் மண்டூரான். முருகன் கோயில் ஆள். எனக்கு ஒரு செபமும் தெரியாதே."

"வாயப் பொத்திக்கொண்டு இருக்க என்ன செபம் வேணும்? போங்க தம்பி. எனக்கும் வீட்டில மூண்டு நாள் தியானம் கிடைக்கும்."

இப்படித்தான் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கிறிஸ்தவத் தியானத்துக்குப் போனேன். திருநீறும் பூசிக்கொண்டு.

தியானத்தை நடத்திய பாதர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "செபத்துக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் மட்டும்தான் வாய் திறக்கலாம்." ஓவசியரின் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மதகில் வெடிப்பைக் கண்டுபிடிக்கும்போது வருகிற வெளிச்சம் அது.

மத்தியானச் சாப்பாட்டில் நாற்பது பேர் ஊமைகளைப் போல் சோறு பிசைந்துகொண்டிருந்தோம். ஓவசியர் கைகளைக் குவித்தார். கண்களை மூடினார்.

"ஆண்டவரே! எனக்குப் பக்கத்தில இருக்கிற இந்த மண்டூர்த் தம்பிக்கு, அந்தச் சொதிச் சட்டிய இஞ்சால தள்ளுற நல்ல மனசக் குடும்!"

சொதி வந்தது. "ஆண்டவரே, உமக்கு நன்றி. ஆனா குசினியில இருக்கிற உம்முடைய அடியாள் உப்புப் போட மறந்து போனா. அவவ மன்னியும்."

ஒரு கன்னியாஸ்திரி முந்தானை இல்லாத குறைக்குத் தண்ணீர்க் கோப்பையால் வாயை மறைத்தார். பாதர் எழுந்து, செபமும் இனி மனதுக்குள்தான் என்று சட்டத்தை இறுக்கினார்.

மறுநாள் பாதரிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம். உள்ளே போன ஓவசியர் ஒன்றேகால் மணித்தியாலம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் சுவரில் சாய்ந்து, பிறகு நிலத்தில் குந்தி, தாங்கள் செய்த பாவங்களையே மறந்துவிட்டார்கள். வெளியே வந்தவர் என் காதில், "பாவம் கொஞ்சந்தான் தம்பி. ஆனா ஒவ்வொண்டுக்கும் பின்னணி சொல்லோணுமே" என்றார். பின்னால் வந்த பாதர் நேரே கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

மூன்றாம் நாள் காலை சுற்றிவளைப்பு. இராணுவம் வந்து ஆண்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தியது. இளம் அதிகாரி ஒருவன் என் அடையாள அட்டையைப் பார்த்தான். மண்டூர். வாவிக்கு அக்கரை, போராளிகள் நடமாடுகிற பக்கம். இளந்தாரி. நெற்றியில் திருநீறு. மாதா சொரூபத்துக்கு முன்னால் இவனுக்கு என்ன வேலை? சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. என் கையைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்தான்.

அப்போது திறந்தது வாய்க்கால்.

ஓவசியர் இரண்டடி முன்னால் வந்து சிங்களத்தில் தொடங்கினார். இவன் என் அலுவலகப் பொடியன், என் மனைவி சொல்லித்தான் வந்தான், மனைவிக்கு முழங்கால் வலி, அதற்கு எண்ணெய் உங்கள் பக்கத்து வைத்தியரிடம்தான் வாங்குகிறேன், சேருக்கு எந்த ஊர்? அதிகாரி தன்னை மறந்து ஊரைச் சொல்லிவிட்டான். தொலைந்தான். அந்த ஊர்க் குளம், அதன் மதகு, போன போகத்தில் அங்கே விழுந்த நெல்நோய், அதற்கு அடித்த மருந்து. பின்னால் நின்ற சிப்பாய் ஒருவன் கொட்டாவி விட்டான். அதிகாரி "எத்தி, எத்தி!" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கத்தினான். சிங்களத்தில் அதற்குப் 'போதும், போதும்' என்று அர்த்தம். என் அட்டையை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் படையோடு கிளம்பிப் போனான்.

ஓவசியர் பாதரிடம் போனார். "மௌனத்த முறிச்சிப் போட்டன் பாதர்."

பாதர் அவருடைய தோளில் கை வைத்தார். "நேத்து நீங்க சொன்ன எல்லாத்தையும்விட இது நல்லாக் கிடந்தது."

பின்னேரம் மௌனம் முடிந்ததாக மணி அடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ஓவசியர் மட்டும் கதைக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு சொல் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"ஐயா, ஏன் ஒண்டும் கதைக்காம வாறீங்க?"

"உன்னக் கொண்டு போயிருந்தா உன்ட அம்மாவுக்குப் போய் என்ன சொல்லுற எண்டு யோசிச்சன் தம்பி. எனக்கு ஒரு சொல்லும் வரல்ல."

அப்போதுதான் கவனித்தேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். இரண்டு சோதனைச் சாவடி கடந்தும் விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.