மூன்று முற்றுப்புள்ளிகளும் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியும்

கம்ப்யூட்டர் படித்த புதிதில் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்கு இருந்த கனத்தில் கழுத்தே சுளுக்கியிருக்க வேண்டும்.

2002இல், பெரம்பலூரில் கோர்ஸ் முடித்த கையோடு, அரியலூர் ரோட்டில் ஒரு விதைக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சென்னையிலிருந்து முதலாளி வரப்போகிறார் என்று மேனேஜர் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். வரி முடிவுகளில் காற்புள்ளி, கடைசியில் மட்டும் முற்றுப்புள்ளி. (சரியாகத்தான் எழுதியிருந்தார், பாவம்.)

பாயின்ட் பாயின்டாக அடித்தால் ஒவ்வொன்றும் ஃபுல் ஸ்டாப்பில் முடிய வேண்டும் என்று கோர்ஸில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது இங்கிலீஷுக்கு. நான் தமிழையும் திருத்தினேன். போர்டில் ஒட்டியது இதுதான்:

முதலாளி வரும் நாளில் தொழிலாளர்கள்
● லுங்கி கட்டி வருதல்.
● வெற்றிலை போடுதல்.
● மரத்தடியில் படுத்து உறங்குதல்.
● தாமதமாக வருதல் கூடாது.

கடைசியில் இருந்த 'கூடாது' நான்குக்கும் பொது. முதல் மூன்றையும் அதனிடமிருந்து நான் விடுதலை செய்திருந்தேன்.

மறுநாள் காலை முதலாளி காரைவிட்டு இறங்கியபோது, காக்கிச் சீருடையில் ஒருவர்கூட இல்லை. ஆண்கள் எல்லார் இடுப்பிலும் லுங்கி. எல்லார் வாயும் சிவப்பு. வேப்பமரத்தடியில் இரண்டு பேர் கடமையுணர்வோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?" என்று மேனேஜர் விதை பொறுக்கும் மாரியம்மாவிடம் அலறினார்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "நோட்டீஸ்ல போட்டபடிதாங்க சார். லேட்டா மட்டும் வரக்கூடாதுன்னு இருந்துச்சு. யாரும் லேட்டா வரலீங்க."

மேனேஜர் போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஸ்டோர்கீப்பர் செல்வராசுவாச்சும் ஒழுங்கா வந்திருப்பான், கூப்பிடுங்க" என்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட் இல்லாமல் செல்வராசுவை யாரும் பார்த்ததில்லை. குடோனிலிருந்து வந்தார். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. வாய் நிறைய வெற்றிலை.

முதலாளி நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார். மூன்றாவது வரியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தர்கூட லேட் இல்லையா? இந்தக் கம்பெனியில இப்பதாங்க முதல் தடவை" என்று மேனேஜரின் தோளில் தட்டினார். என் வேலை தப்பியது. அழுகையை அடக்க முடியாமல் ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்றேன். செல்வராசு தண்ணீர் கொண்டுவந்தார்.

"உங்களுக்குமா சார் புரியல?" என்று கேட்டேன்.

"நேத்து ஒட்டுனதுமே புரிஞ்சுது. சொல்லலாம்னு வந்தேன், நீங்க போயிட்டீங்க. காலையில வந்து பாத்தா எல்லாரும் லுங்கி."

"அப்புறம் ஏன் நீங்களும்..."

"நான் மட்டும் பேன்ட்ல நின்னா, தப்பு நோட்டீஸ்ல இல்ல, அதப் படிச்சவங்ககிட்டன்னு ஆயிடும். அவங்களுக்குத் திட்டு விழும். எல்லாருமே லுங்கின்னா யாரத் திட்டுறது? அதான் லோடுமேன்கிட்ட லுங்கியும் வெத்தலையும் வாங்குனேன்." சற்றுத் தயங்கினார். "இந்தக் கருமத்த எப்படிங்க மெல்றாங்க? தலை சுத்துது."

அந்தத் தண்ணீரைப் பாதியில் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருடம் விக்கிரமங்கலத்தில் அவர் வீட்டுக்கு மருமகளாகப் போனேன். இன்றும் நான் பிள்ளைகளிடம், "டிவி பாக்குறது, சண்டை போடுறது, வெளிய சுத்துறது கூடாது!" என்று மூச்சுவிடாமல் கத்தினால், மகள் ஓடிவந்து கேட்பாள்: "அம்மா, நடுவுல வச்சது கமாவா, ஃபுல் ஸ்டாப்பா?"

அவள் அப்பா எழுந்து லுங்கி மாற்றிக்கொள்ளப் போவார்.