இருட்டுக்கு லென்ஸ் தேடும் மனிதர்

வெளிச்சம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிற மனிதர்களை இரண்டே இனமாகப் பிரித்துவிடலாம். ஓர் இனம் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டும். இன்னோர் இனம் லென்ஸ் வாங்கும். முதல் இனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்விட்சைத் தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நாம் பார்க்கப்போவது இரண்டாவது இனத்தை.

இவரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். பிறந்தநாள் விழாவில் ஊரே ஜன்னலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடுகிற மூலையில் நின்றுகொண்டு, "இங்க வாங்க, இங்கதான் வெளிச்சம் அருமையா இருக்கு" என்று கூப்பிடுவாரே, அவர்தான். கேமராவைவிட அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸ் கனமாக இருக்கும். "பூரா மெட்டல்" என்று நகத்தால் தட்டிக் காட்டுவார். "எவ்வளவு பெரிய துளை தெரியுமா? பாயிண்ட் ஒன்பது அஞ்சு!" என்பார். அது பெரிதா சின்னதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பிடிக்கவேண்டிய பஸ் போயே போய்விட்டது.

கேட்ட பாவத்துக்கு உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துளைக்கு ஓர் எண் உண்டு. எண் குறையக் குறையத் துளை பெரிது. துளை பெரிதானால் மங்கிய வெளிச்சத்திலும் படம் விழும். பெயர்பெற்ற கம்பெனிகள் அத்தகைய லென்ஸுக்குச் சொல்கிற விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். பெயரே கேள்விப்படாத கம்பெனிகளோ அதையே மலிவாகத் தருகின்றன, ஒரே ஒரு வசதியைக் கழற்றிவிட்டு. லென்ஸ் தானாகத் தெளிவைத் தேடாது. வளையத்தைக் கையால் திருகித் திருகி நாம்தான் பிடிக்கவேண்டும். அதிலும் துளை அத்தனை பெரிதானால் தெளிவு ஒரு விரல் அகலத்துக்குத்தான் இருக்கும். மூக்கு தெளிந்தால் காது கரைந்துபோகும். இதில் மலிவு எங்கே வந்தது என்கிறீர்களா? ஒரு நல்ல லென்ஸ் வாங்க வசதியில்லை என்பதால்தானே இவர் ஐந்து மலிவு லென்ஸ் வாங்கியிருக்கிறார்! ஐந்தும் இருட்டுக்குத்தான்.

இந்த இனத்தில் நாம் ஒருவரைப் பிடித்துக்கொள்வோம். நம்மவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வருகிறவர் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப நல்லாத் தெரியுதா, இல்ல இப்பவா?" என்று கேட்பதுதான் காலை முதல் மாலை வரை உத்தியோகம். வருகிறவர்கள் ஏழாவது எட்டாவது வில்லையில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அதே கேள்வியை ஆறு வருஷமாகத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கும் நம்மவருக்குத்தான் இன்னும் பதில் கிடைத்தபாடில்லை.

கேள்வி கேட்கும் நேரம், மதியச் சாப்பாட்டு வேளை. இடம், கடையின் பின்கட்டு, பிரேம் பெட்டிகளுக்கு நடுவே. இடது கையில் போன். வலது கையில் ஆறிப்போன சோறு. எங்கோ ஒரு தேசத்தில் எவனோ ஒருவன் தன் லென்ஸைச் சோதிக்க ஒரு செங்கல் சுவரைப் படம் எடுத்துப் போட்டிருப்பான். அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசி வரிசைக் கடைசிச் செங்கல்லுக்குப் போய், "ஓரம் கொஞ்சம் மழுங்குதே" என்று உதட்டைப் பிதுக்குவார். இவர் ஆயுளில் செங்கல் சுவரைப் படம் எடுத்ததில்லை. எடுக்கும் உத்தேசமும் இல்லை. பிறகு தனக்குத் தெரியாத பாஷையில் இருபது நிமிஷ வீடியோ ஒன்றைத் தலையாட்டிக்கொண்டே பார்ப்பார். பிறகு போனில் இவர் இனத்தார் நாற்பது பேர் கூடியிருக்கும் குழுவில், "முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் லென்ஸா, அம்பதா?" என்று ஒரு கேள்வியைப் போடுவார். நாற்பது பேரிடமிருந்து நாற்பத்தொரு பதில் வரும். படம் ஏதாவது எடுத்தீரா என்று மட்டும் அங்கே ஒருவரும் ஒருவரைக் கேட்கமாட்டார்கள். அது மரியாதையில்லை.

பார்சல் வரும். மனைவி கதவைத் திறந்து வாங்குவாள். "இதோட முடிஞ்சுதா?" என்பாள். "இதோட முடிஞ்சுது" என்பார். புது லென்ஸில் எடுத்த முதல் படத்தில் விளக்கைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு விளிம்பு படர்ந்திருக்கும்.

"என்னங்க இது, சாயம் போன மாதிரி?"

"அது குறையில்ல. கேரக்டர். லென்ஸுக்குன்னு ஒரு குணம் இருக்கணும்."

"போன மாசம் மிக்ஸில கருகுன வாடை வந்துச்சே, அது கேரக்டர் இல்லியா? ஏன் கடையில போய் அவ்வளவு சண்டை போட்டீங்க?"

இப்படிக் கேட்டால் இந்த இனத்தார் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

புது லென்ஸ் வந்தால் அந்த வீட்டில் விளக்கு அணையும். இருட்டுக்கு வாங்கியதை வெளிச்சத்திலா சோதிக்கமுடியும்? "லைட்டப் போடுங்க, எதச் சாப்பிடறோம்னே தெரியல" என்று மனைவி சொன்னால், "லைட் போட்டு எடுக்க யாரால முடியாது?" என்று பதில் வரும். பிறகு தொடங்கும் கட்டளை. "அப்படியே இரு... கரண்டியக் கீழ வெக்காத... குட்டி, சிரி... அந்தச் சிரிப்ப அப்படியே வெச்சிக்கோ... இரு... இரு..." வளையம் வலமாகத் திரும்பி, கொஞ்சம் அதிகமாகிவிட்டதென்று இடமாகத் திரும்பி, மறுபடி வலமாக வந்து சேர்வதற்குள் சிரிப்பு பல்வலியாக மாறியிருக்கும். ஆறு வருஷத்தில் அந்தக் குடும்பம் கற்றுக்கொண்ட ஒரே கலை, அசையாமல் இருப்பது. அப்படியும் என்ன, அந்த வீட்டிலேயே மிக அழகாகப் படம் எடுக்கப்பட்டிருப்பது பற்பசைக் குழாய்தான். அடுத்தது சுவர்க் கடிகாரம். அதிலும் விநாடி முள் கலங்கியிருக்கும்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்கமுடியாத விஷயம், அந்தக் குட்டியின் வகுப்புப் பலகை.

நம்மவர் மகள் குட்டிக்கு எட்டு வயது. வருஷத்துக்கு ஒருமுறை அவள் பள்ளியில் நாடகம் போடுவார்கள். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தான் மேடையில் நிற்கும் படம் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்புப் பலகையில் ஒட்டவேண்டும். வருஷம் முழுக்க அது அங்கே இருக்கும். போன வருஷம் குட்டி பட்டாம்பூச்சி. மேடை முழுக்கப் பறந்தாள். அப்பா எடுத்த படத்தில் திரைச்சீலைக் கயிற்றின் முடிச்சு நூல் நூலாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ இழுத்துக்கொண்டு போனது. "இதுல நீ எங்கடி?" என்று கேட்காத பிள்ளை இல்லை. குட்டி அதைத்தான் ஒட்டினாள். மஞ்சள் தீற்றலுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, "இது நான்" என்று எழுதியும் வைத்தாள்.

இந்த வருஷம் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "அப்பா, நாடகத்துல நான் தெருவிளக்கு."

"எத்தனை வசனம்?"

"வசனமே இல்லப்பா. முடியறவரைக்கும் ஒரே எடத்துல நிக்கணும். அவ்வளவுதான்."

வேறொரு தகப்பனாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே இடம்! அசைவே கிடையாது! அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த நடிகை சொந்த வீட்டிலேயே பிறந்திருக்கிறாள்.

இதற்கு ஆறாவது லென்ஸ் வேண்டாமா? பள்ளி அரங்குக்கு இரண்டு முறை போய்வந்தார். வரிசை வரிசையாகக் காலடி வைத்து அளந்தார். காவலாளி, தரைவிரிப்புக்கு அளவெடுக்க வந்தவர் என்று எண்ணி நாற்காலிகளை நகர்த்திக் கொடுத்தார். மூன்றாவது வரிசை, நடு நாற்காலி, அம்பது, பாயிண்ட் ஒன்பது அஞ்சு என்று முடிவாயிற்று. நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் பார்சல் வந்தது. இதோடு முடிந்தது என்று பரிமாறிக்கொள்ளவேண்டியதைப் பரிமாறிக்கொண்டார்கள்.

அரங்கில் உட்கார்ந்ததும் மனைவி பையைத் திறந்தாள். "எதுக்கும் போன்ல ஒண்ணு எடுத்து வெச்சுக்கறேங்க."

"போன்லயா? பக்கத்துல நான் எதுக்கு இருக்கேன்? அசிங்கப்படுத்தாத."

அவள் போனைப் பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை இழுத்தாள்.

விளக்கு மங்கியது. மேடையின் நடுவில் குட்டி. உடம்பைச் சுற்றிச் சாம்பல் நிற அட்டைக் குழாய். முகத்தைச் சுற்றி மஞ்சள் தாளில் விளக்குக் கூடு. முகத்துக்கு நாலு விரல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நம்மவர் கேமராவில், எது தெளிவோ அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் மினுக்கும். வளையத்தைத் திருகினார். மினுக்கியது பாருங்கள், சும்மா திருவிழா மாதிரி மினுக்கியது! தட்டித் தள்ளினார். இருநூற்றுப் பன்னிரண்டு படம். மேடையில் ஒரு திருடன் விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ஒரு போலீஸ்காரி தொப்பி கழன்று விழ விழத் துரத்தினாள். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நம்மவருக்கு இதெல்லாம் பின்னால் கேள்விப்பட்ட செய்தி. திருடன் ஒருமுறை வேகத்தில் வந்து மோதினான். விளக்கு அசையவில்லை. கண் மட்டும் ஒரே ஒருமுறை மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பியது. அப்போது அவர் வளையம் திருகிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து டீச்சர் வந்தாள்.

"சார், அந்தப் போலீஸ்காரி வேஷத்த உங்க பொண்ணுக்குத்தான் மொதல்ல குடுத்தேன். வகுப்புலயே அவதான் நல்லா ஓடுவா, தொண்டையும் பெரிசு. ரெண்டு நாள் ஒத்திகை பாத்தா, பிச்சு உதறினா. மூணாம் நாள் வந்து விளக்கு வேஷம் குடுங்க டீச்சர்ங்கறா. ஏம்மான்னா, 'ஓடினா எங்கப்பா லென்ஸ்ல விழாது, நின்னாத்தான் விழும்'கறா."

மனைவி திரும்பிக் கணவன் முகத்தைப் பார்த்தாள். நம்மவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"எட்டு வயசு டீச்சர்! பெரியவங்களுக்கே இது புரியறதில்ல!"

டீச்சர் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அட்டைத் தொப்பிகளைப் பொறுக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டார். முதல் படம் விரிந்தது. மஞ்சள் தாளின் ஓரம் அபாரமாக விழுந்திருந்தது. கத்தரி வெட்டிய பிசிறு, பசை வழிந்து காய்ந்த கோடு, எல்லாம். அதற்கு நாலு விரல் பின்னால், முகம் இருக்கவேண்டிய இடத்தில், கலங்கலாக ஒரு மஞ்சள் மூட்டம். அடுத்த படம். அதுவும் தாள். அடுத்தது, அடுத்தது. சிவப்புப் புள்ளிகள் பொய் சொல்லவில்லை. அவை தாளின் ஓரத்தில்தான் மினுக்கியிருந்தன. பழக்கதோஷத்தில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இப்ப நல்லாத் தெரியுதா, இல்ல..." என்று மனைவியைக் கேட்க ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டிலும் மகள் இல்லை.

குட்டி வந்து நாற்காலியில் தொற்றிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தாள் சூப்பரா வந்திருக்குப்பா. நான் ஒட்டினதுதான்" என்றாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "நான்தான் அசைஞ்சிட்டேன் போல. நடுவுல மூச்சு விட்டேன். அடுத்த வருஷம் விடமாட்டேன்ப்பா."

நம்மவருக்கு அப்போதுதான் விழுந்தது. டீச்சர் சொன்னது, பட்டாம்பூச்சி, அம்புக்குறி, கரண்டியோடு உறைந்த மனைவி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. ஆறு லென்ஸ் வாங்கியும் தெரியாமலிருந்தது ஒரு விநாடியில் தெரிந்துபோனது. அழுகை வந்தது. பிள்ளை பார்க்கக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டினார். ஒன்றல்ல, அறையில் இருந்த எல்லா ஸ்விட்சையும். எல்லா விளக்கும் எரிந்தன.

"என் தொப்பி எங்க இருக்கு? போட்டுக்கோ. ஓடு."

"எங்கப்பா?"

"எங்க வேணா. திருடனப் புடி."

"யாரு திருடன்?"

"நான்தான்!"

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அவர் ஓடினார். குட்டி கத்திக்கொண்டே துரத்தினாள். டீச்சர் சொன்னது சரிதான், தொண்டை பெரிது. மனைவி பையின் ஜிப்பைத் திறந்து, போனை எடுத்து, ஒருமுறை தட்டினாள். அவ்வளவுதான். படத்தில் கைகள் கலங்கியிருந்தன, பின்னால் துணிக்கொடி தெரிந்தது, குட்டியின் தலையில் அவள் அப்பாவின் தொப்பி காது வரை இறங்கியிருந்தது. திருடனின் சட்டையைப் பிடித்துவிட்ட முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. வகுப்புப் பலகையில் இந்த வருஷம் ஒட்டியிருப்பது அதுதான். மேடைப் படம்தான் வேண்டும் என்று டீச்சர் கேட்கவில்லை. அம்புக்குறியும் தேவைப்படவில்லை.

நம்மவர் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டீர்களா? வந்த திங்கட்கிழமை மதியம் பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். இடது கையில் போன், வலது கையில் ஆறிய சோறு. ஓடுகிற பிள்ளைகளைத் தானாகவே துரத்திப் பிடிக்கிற லென்ஸ் வந்திருக்கிறதாம், அதுவும் மலிவாம். "இதோட முடிஞ்சுது" என்றார். நல்ல மனிதர்; பொய் சொல்லுகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை, கேமராவே தொட்டதில்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு லென்ஸ் இல்லாவிட்டால் வேறொன்று இருக்கும்: பாட்டுப் பெட்டி, பூந்தொட்டி, காலை நடை, எழுத்து. எதுவாக இருந்தாலும் சரி, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்காக அங்கே யாராவது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்களா என்று பாருங்கள். லைட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.