பதினைந்து எபிசோடும் ஒரு ஓகேயும்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதைப் பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியிருக்க வேண்டும். "மாப்ள கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று தரகர் எடுத்துவிட்டபோது, கூச்சப்படுகிறவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். பன்னிரண்டு வருஷமாக அதன் பலனை அனுபவித்து வருகிறேன். அலுத்துவிட்டது.

நான் பார்த்த வேலை இவ்வளவுதான். போடியில் ஏலக்காயை ஏலம் விடும் ஹாலில், முதலாளிக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். ஒரு லாட் சரக்கு திரையில் வந்தால் சில நொடிகள்தான் நிற்கும். முதலாளி என் தொடையைத் தட்டினால் நான் பட்டனைத் தட்ட வேண்டும். யோசித்தால் சரக்கு அடுத்தவருக்குப் போய்விடும். "படிச்சுக்கிட்டு இருக்காதடா, அமுக்குடா!" என்பார். எனக்குக் கிடைத்த மொத்தக் கம்ப்யூட்டர் படிப்பும் அதுதான்.

என் மனைவி தனத்தின் அம்மா, அதாவது அத்தை, எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகனிடம் மாமியார் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. நான் இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன். "அவுகளுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு தனம்" என்பார். "போதும்னு சொல்லு" என்பேன். (அதற்குள் அவர் வைத்துவிடுவார்.) எனக்கு அம்மா இல்லை. அத்தை ஒரு தடவையாவது என்னை "மாப்ளே" என்று கூப்பிட மாட்டாரா என்று நிஜமாகவே ஏக்கமாக இருந்தது.

அந்த வருஷம் காய் எடுப்பு சமயத்தில், அத்தை போடிமெட்டுக்கு மேலே உள்ள அவருடைய ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்த் தங்கிவிட்டார். அங்கே டி.வி. கிடையாது. நாலு வருஷமாக அவர் பார்த்துவந்த ஒன்பது மணி சீரியலோ முடியப்போகிறது. (எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கும் வசதி எங்கள் பக்கம் வராத காலம்.) கடைசிப் பதினைந்து எபிசோடுகளும் வீட்டு டிஷ் பெட்டியில் பதிவாக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மலை ஏறினார். எடுப்பு நீண்டுகொண்டே போனது. இதற்கிடையில் டிஷ்காரர் வந்து, "பெட்டி பழசாயிருச்சு, செவ்வாக்கிழமை மாத்தணும், பதிஞ்சதெல்லாம் இதோட போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்து தோட்டத்திலிருந்து தனத்துக்குப் போன் வந்தது. "அவுக கம்ப்யூட்டர்ல இருக்காகள்ல? அந்தப் பதினஞ்சையும் அதுல ஏத்தி வெரசா கொண்டாரச் சொல்லு."

அத்தை என்னிடம் கேட்ட முதல் உதவி. (தனம் வழியாகத்தான்.) "இதெல்லாம் ஒரு சோலியா? அஞ்சு நிமிசம்னு சொல்லு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளியின் லேப்டாப்பை இரவல் வாங்கிவந்தேன். டிஷ் பெட்டியோடு இணைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை உருவி அதில் செருகினேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் முளைத்து ஏதோ கேட்டது. ஓகே அமுக்கினேன். ஆச்சரியக்குறி போட்டு மறுபடியும் ஏதோ கேட்டது. எனக்கு முதலாளி தொடையைத் தட்டியது போலவே இருந்தது. அமுக்கினேன். முடிந்தது என்று வந்தது.

"என்ன கேட்டுச்சு?" என்றாள் தனம்.

"யாரு கண்டா? படிக்கிறதுக்குள்ள அமுக்கிட்டேன்ல."

டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. இதில் உள்ளதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்றுதான் அது கேட்டிருக்கிறது. நானும் இரண்டு தடவை சம்மதித்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க அழிக்காட்டியும் பிரயோசனம் இல்லண்ணே. இது அந்தப் பெட்டியில மட்டுந்தான் ஓடும். கம்பெனிக்காரன் பூட்டித்தான் வச்சிருக்கான். கம்ப்யூட்டர்ல ஏறவே ஏறாது." நடக்கவே முடியாத காரியத்தையும் கெடுத்துவைத்த பெருமை எனக்குக் கிடைத்தது.

"பேசாம உண்மையச் சொல்லிருங்க. இல்லாட்டி பாத்தவுக யார்ட்டயாச்சும் கதையக் கேட்டுட்டுப் போங்க" என்றாள் தனம். அவளுக்குச் சீரியலே பிடிக்காது. நான் போய் இதையெல்லாம் கேட்பதா? அத்தை வீட்டில் சாப்பிடும்போது அரைகுறையாகக் காதில் விழுந்ததில், கதாநாயகியின் புருஷன் காணாமல் போனது வரை எனக்குத் தெரியும். மிச்சத்தை நானே பார்த்துக்கொள்வேன் என்றேன்.

மறுநாள் காலை, பக்கத்துச் சிலமலை கிராமத்திலிருந்து காய் எடுக்கப் போகும் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவே, லேப்டாப்பை மடியில் கட்டிக்கொண்டு ஜீப்பில் மலை ஏறினேன். "படம் ஏத்திட்டீகளா தம்பி?" என்றார் அவர்களில் ஒருவரான பேச்சியம்மா. தலையாட்டினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதற்கு அர்த்தம் அப்போது புரியவில்லை. அவர்கள் தினமும் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள். சீரியலின் முடிவை அத்தனை பேரும் பார்த்தாயிற்று. தான் பார்க்கும்வரை ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது என்று அத்தை சத்தியம் வாங்கியிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், லேப்டாப் வழியில் பழுதாகிவிட்டதாகச் சோகமாக அறிவித்தேன். "கவலைப்பட வேணாம், நான் முழுசும் பாத்துட்டேன்" என்று ஆரம்பித்தேன். அத்தை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார். வில்லி மாமியாரைத் திருத்தினேன். மருமகளைக் காலில் விழவைத்தேன். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "அந்த நேரம் பாத்து, காணாமப் போன புருசன், கையில பெட்டியோட வாசல்ல வந்து நிக்கிறான்!"

அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ளே, அவனத்தான் எரிச்சுப்புட்டாகளே. நான் மலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாத்தேனே. எங்கிட்டிருந்து வந்தான்?"

இரண்டு வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை இப்படியா வர வேண்டும்! எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அத்தை பெண்களிடம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்கடி" என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். அன்று பிற்பகல் ஒரு காய்கூட எடுக்கவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார், சிரித்தபோதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று என்னிடம் பேச ஆரம்பித்தவர் இன்றுவரை நிறுத்தவில்லை. நான் எங்கேயாவது போய்விட்டு பேக்கோடு வந்து நின்றால், "எரிஞ்சவன் வந்துட்டான்" என்று வீடே சிரிக்கிறது. என் பிள்ளைகளும் சொல்கின்றன.

போன வாரம் அத்தை வீட்டு டிஷ் பெட்டியில் மறுபடி கோளாறு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அத்தை போனில் டிஷ்காரரிடம், "வியாழக்கிழமை வாங்க தம்பி. அன்னைக்கு எங்க மாப்ள ஊர்ல இருக்க மாட்டாக" என்றார். வியாழக்கிழமை எனக்கு எந்த ஊருக்கும் போகிற சோலி இல்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, வியாழக்கிழமை எங்கிட்டாச்சும் போயிட்டு வந்துருங்க."

நேராகத்தான் சொன்னார்.