ஐந்து கால் மானும் ஆறு மணிச் செய்தியும்

நவம்பர் முதல் தேதி காலை, கையிலிருந்த காபி ஆறுவதற்குள், வெண்டல் ஹாபலா ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். மனைவியைத் திருத்திவிடுவது.

நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் இதே முடிவுக்கு அவர் பல தடவை வந்திருக்கிறார். வந்த வழியே திரும்பியும் போயிருக்கிறார். ஆனால் இந்த முறை விஷயம் முற்றிவிட்டது. அறுபத்தைந்து வயது ஆர்லீன் தினமும் மாலை நாலு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டின் நிலவறைக்குள் இறங்கினால் ஆறரைக்குத்தான் ஏறி வருகிறாள். கீழே கணினி விளையாட்டுக்குள் அவள் தாடி வைத்த ஒரு குள்ளன். கையில் கோடாலி. டர்னிப் கிழங்கு பயிரிடுகிறாள், ஓநாய் அடிக்கிறாள். மேலே வெண்டல் இறைச்சி அடைத்து ஆறிப்போன பேஸ்டி ரொட்டியைத் தின்றுகொண்டு சுவரைப் பார்க்கிறார்.

எஸ்கனாபா என்கிற அந்தச் சின்ன ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் முப்பத்தோரு வருடம் ஆறு மணிச் செய்தி வாசித்தவர். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகும் பனிப்புயல் வருமா என்று மளிகைக் கடையில் அவரைத்தான் கேட்பார்கள். அவர் சொன்னால் ஊர் நம்பும். வீடு மட்டும் நம்பாது.

முதல் முயற்சியாக ஒரு காகிதத்தோடு போனார். விளையாட்டுக்கு அடிமையானவர்களின் பத்து அறிகுறிகள். ஒரு காலத்தில் செய்தியில் அவரே வாசித்த பட்டியல்.

“முதல் அறிகுறி, தனக்கு அந்தப் பழக்கமே இல்லன்னு சாதிக்கறது.”

“எனக்குதான் இருக்கே. தினம் ரெண்டரை மணி நேரம்.”

“ரெண்டாவது, வீட்டு வேலையில நாட்டம் கொறயறது.”

“அது கல்யாணத்தன்னிக்கே கொறஞ்சு போச்சு.”

“மூணாவது, கூட இருக்கறவங்கள ஒதுக்கறது.”

“வெண்டல், நீ ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் டிவி பாக்கற?”

“அது செய்தி.”

“ஏழு மணி நேரம். அதுக்கு எத்தன அறிகுறின்னு யாராவது வாசிச்சாங்களா?”

இரண்டாவது முயற்சியாக இணைய இணைப்பின் வயரைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்தார். ஆர்லீன் கணினியைக் காரில் ஏற்றிக்கொண்டு லூத்தரன் தேவாலயத்துக் கூடத்துக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் போதகரும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வெண்டலே வயரை எடுத்து மாட்டினார்.

அடிமை என்பதெல்லாம் ஊருக்குச் சொல்கிற காரணம். உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஹெட்போனின் மறுமுனையில் இருப்பவன் அவர்களுடைய ஒரே மகன் கர்ட்டிஸ். தூரத்து ஆரிகன் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறான். மாலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அம்மாவோடு டர்னிப் நடுகிறான். அப்பாவோடு அவன் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

நாலு மணியானால் வெண்டல் நிலவறைப் படிக்கட்டின் மேல்படியில் சத்தம் போடாமல் வந்து உட்காருவார். ஆர்லீன் பேசுவது மட்டும் கேட்கும். “சாப்பிட்டியா?” என்பாள். “இங்க முழங்கால் வரைக்கும் பனி” என்பாள். ஏதோ கேட்டுவிட்டுச் சிரிப்பாள். என்றைக்காவது ஒருநாள், “அவரா? இருக்காரு” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வாரக்கணக்கில் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார். தன் மகன் தன்னைப் பற்றிக் கேட்டானா, இல்லை ஆர்லீனே சொன்னாளா என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வராது.

ஆகவே அவர் கணக்கு இதுதான். விளையாட்டு நின்றால் பையன் அம்மாவோடு பேச வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வரவேண்டும். மணி அடித்தால் நாமே எடுத்துவிடலாம். ஒரு ஹலோவாவது கிடைக்கும்.

மகன் ஏன் பேசுவதில்லை என்பதற்கும் ஒரு நவம்பர்தான் காரணம். உள்ளூர்ச் சேனல்களுக்கு நவம்பர் பரீட்சை மாதம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் எண்ணுவார்கள். அதனால் அந்த மாதம் முழுக்க ஊரைப் பயமுறுத்துகிற செய்தியாகத் தேடிப் போடுவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வெண்டலுக்கு வாய்த்தது விளையாட்டு அடிமைகள். மூன்று நாள் தொடர் என்று விளம்பரமும் போட்டாயிற்று. அடிமைதான் கிடைக்கவில்லை. நவம்பர் பதினைந்தில் மான் வேட்டை தொடங்கிவிட்டதால் ஊரிலுள்ள பையன்கள் அத்தனை பேரும் துப்பாக்கியோடு காட்டில் இருந்தார்கள். வீட்டில் இருந்தவன் பதினேழு வயது கர்ட்டிஸ் மட்டும்தான். அவனுக்கு மானைச் சுடப் பிடிக்காது.

“முகத்தக் காட்ட மாட்டோம், பேரச் சொல்ல மாட்டோம்” என்று அப்பா கெஞ்சினார். பையன் சரி என்றான். விளக்கை அணைத்து, திரையின் நீல வெளிச்சத்தில், முதுகுப்புறமாகப் படம் பிடித்தார்கள். “இந்த இளைஞன் ஒரு நாளில் பதினாலு மணி நேரம் விளையாடுகிறான்” என்று வெண்டல் தன் புகழ்பெற்ற குரலில் வாசித்தார். அவன் விளையாடியது இரண்டு மணி நேரம். அதுவும் இரும்புச் சாமான் கடையில் பகுதிநேர வேலை முடித்து வந்த பிறகு.

முகத்தை மறைத்தவர்கள் முதுகை மறைக்கவில்லை. ஆர்லீன் பின்னிய ஸ்வெட்டர் அது. பின்னல் மாதிரியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள் போலிருக்கிறது. முன்னால் வரவேண்டிய மான் முதுகுக்குப் போய்விட்டது. நாலு காலோடு நிற்காமல் ஐந்தாவது காலும் முளைத்துவிட்டது. மாவட்டக் கண்காட்சியில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. சிரித்தவர்கள் முன்னால் கர்ட்டிஸ் அதை வேண்டுமென்றே தினமும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான், அம்மாவுக்காக. எஸ்கனாபாவில் அந்த மானைத் தெரியாதவர் யாருமில்லை.

கடைக்காரர் கன்னர், “குணமானப்பறம் வா தம்பி” என்று தோளைத் தட்டி வேலையிலிருந்து அனுப்பினார். அவன் பழகிய பெண்ணின் அப்பா கதவைத் திறக்கவில்லை. பதினெட்டு முடிந்த மறுநாள் அவன் பஸ் ஏறினான். ஸ்வெட்டரை எடுத்துப்போகவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வெண்டலுக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே டெஸ் வாண்டர்மோலன் என்ற இளம் நிருபர் நவம்பருக்கு அடிமை தேடி அலுத்துப்போயிருந்தாள். ஊர் வழக்கம்போலக் காட்டில் இருந்தது. “என் மனைவியை எடுத்துக்கோ” என்றார் வெண்டல். வயதான அடிமை, இதுவரை யாரும் போடாத செய்தி என்றும் சேர்த்துக்கொண்டார். ஆர்லீன் தன்னைத் திரையில் பார்த்தால் வெட்கப்பட்டு விட்டுவிடுவாள் என்பது திட்டம்.

ஆர்லீனிடம் சொன்னபோது அவள் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பின்னாலேர்ந்துதான் எடுப்பாங்களா?”

“முகத்தக் காட்ட மாட்டாங்க, பேரச் சொல்ல மாட்டாங்க.”

“ஓ, பண்ணலாமே.”

அவள் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் மனிதன் ஓடி ஒளிய வேண்டும். வெண்டலோ சீட்டியடித்தார்.

பதினேழாம் தேதி மதியம் டெஸ் கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். நிலவறையில் எல்லாம் பொருத்திய பிறகு ஆர்லீன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தலை சுற்றுகிறது என்றாள். டெஸ்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆறு மணிக்குச் செய்தி போயாகவேண்டும்.

“நீயே உக்காரேன் வெண்டல்,” என்றாள் ஆர்லீன் சோபாவில் சாய்ந்தபடி. “முப்பத்தோரு வருஷம் உன் முகத்தத்தான் பாத்தாங்க. முதுக யாருக்குத் தெரியும்? குரலையும் மாத்திடுவாங்க.”

மூன்று வருடமாக அவர் மேல் கேமரா வெளிச்சம் பட்டதில்லை. அந்த ஏக்கம் அவர் காலை வாரிவிட்டது. உட்கார்ந்தார். நிலவறை குளிர்ந்தது. ஆர்லீன் இருட்டில் ஏதோ ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொண்டுவந்து தலைவழியாகப் போட்டுவிட்டாள். முன்பக்கம் வெறும் சாம்பல் நிறம். அவருக்கு அப்போது தன் முதுகின் எந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும் என்பதுதான் கவலை.

டெஸ் கேட்டாள், வெண்டல் நடித்தார். பதினாலு மணி நேரம் என்றார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் போயிற்று என்றார். பிறகு அவள் தாளைப் பார்த்து, “இதனால நீங்க இழந்தது என்ன?” என்று கேட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவரே எழுதிய கேள்வி அது. அலுவலகத்தில் இன்னும் அதே தாளைத்தான் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கர்ட்டிஸ் அதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் சோக இசையைப் போட்டு நிரப்பினார்கள்.

“என் பையனை,” என்றார் வெண்டல். டெஸ் கட்டைவிரலை உயர்த்தி, பிரமாதம் என்று சைகை காட்டினாள்.

ஆறு மணிக்குப் போட்டார்கள். அவர் வாழ்நாளில் பேசிய மிக உண்மையான வார்த்தை, தண்ணீரில் மூழ்குகிற கரடியின் குரலில் வந்தது. அதைக் கேட்டு அவர் சங்கடப்பட நேரமில்லை. திரை முழுக்க ஒரு முதுகு. முதுகு முழுக்க ஒரு மான். வெண்டல் கால்களை எண்ணினார். ஐந்து இருந்தன.

ஸ்வெட்டர் யார் வீட்டுடையது என்று ஊருக்குத் தெரியும். ஊருக்குள் அந்த அகல முதுகு உள்ள ஹாபலா இப்போது ஒருவர்தான். முதலில் போதகர் போனில் அழைத்தார். பக்கத்து வீட்டு டெல்ஃபீன் துக்க வீட்டுக்குப் போல சூடாக ஒரு பாத்திரம் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் ஆர்லீனைக் கட்டிப்பிடித்துப் போனாள். மறுநாள் மளிகைக் கடையில் பனிப்புயலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். இரும்புச் சாமான் கடையில் கன்னர் அவர் தோளில் கை வைத்தார்.

“நான் நடிச்சேன் கன்னர். நான் அந்த விளையாட்டத் தொட்டதே இல்ல.”

“அதான் முதல் அறிகுறி,” என்றார் கன்னர் பரிவோடு. “நீங்கதானே வாசிச்சீங்க.”

தோளில் இருந்த அந்தக் கையின் கனம் வீடு வரை வந்தது. இதே கடையில், இதே கை, பதினேழு வயதுப் பையனின் தோளில் இருந்திருக்கிறது. அவனும் நான் அப்படியில்லை, அது பொய் என்று சொல்லியிருப்பான். வெண்டல் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடி மங்கும் வரை அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் கோபமாக மாற்றிக்கொண்டார்.

“ஊர் முழுக்க என்ன அடிமைங்குது ஆர்லீன்.”

“முகத்தக் காட்டலியே.”

“என்னால தலைய நிமிர்த்தி நடக்க முடியல.”

“பேரச் சொல்லலியே.”

அதற்குப் பிறகு அவர் மூன்று நாள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. துவைக்காத அந்தக் கம்பளியில் மகனுடைய வாசனை ஏதாவது மிச்சமிருக்கும் என்று காலரை மூக்கில் வைத்துப் பார்த்தார். அந்துருண்டை வாசனைதான் வந்தது.

நாலாம் நாள் மாலை நாலு மணி. ஆர்லீன் நிலவறைக்கு இறங்கவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியைக் கர்ட்டிஸுக்கு அனுப்பியதாகவும், இன்றைக்கு அவன் விளையாட வரப்போவதில்லை என்று சொன்னதாகவும் தெரிவித்தாள். அம்மாவோடு அவனுக்கு இருந்த ஒரே வழியையும் நாமே அடைத்துவிட்டோம் என்று வெண்டல் நினைத்தார்.

தொலைபேசி அடித்தது.

“கை வேலையா இருக்கு,” என்றாள் ஆர்லீன். “நீயே எடு.”

“ஹலோ,” என்றார்.

மறுமுனையில் ஒரு குரல். வெண்டல் ஞாபகத்தில் வைத்திருந்தது பதினெட்டு வயதுக் குரல். இது முப்பதை நெருங்குகிற ஆளுடையது.

“அது என் ஸ்வெட்டர்.”

“ஆமா. உன்னோடதுதான்.”

“அனுப்பிடுங்க.”

“கர்ட்டிஸ், நான் அன்னிக்கு...”

“வேலைக்கு நேரமாச்சு.”

பதினேழு விநாடி. வெண்டல் எண்ணினார், தொழில் பழக்கம். செய்தியில் ஒரு சின்ன விஷயம் சொல்ல அது போதும்.

அவர் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. ஆரிகன் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டித் தயாராக இருந்தது.

“இத எப்ப வாங்கின?”

“நீ டெஸ்ஸுக்குப் போன் பண்ணின அன்னிக்கு. உள்ள ஒரு கடுதாசி வைக்க எடம் இருக்கு.”

வெண்டல் உட்கார்ந்து எழுதினார். நவம்பர் மாதத்து நெருக்கடியை எழுதினார், மேலதிகாரியின் வற்புறுத்தலை எழுதினார், தகப்பன் மனத்தை எழுதினார். மூன்று பக்கம் வந்தது. ஆர்லீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, மூன்றாம் பக்கத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டிப் பெட்டிக்குள் போட்டாள். ‘நீ விளையாடியது இரண்டு மணி நேரம்தான், பதினாலு என்றது பொய்.’

“பேராவது போடறேன்,” என்றார் வெண்டல்.

“வேண்டாம். பேரச் சொல்லாட்டியும் யாருன்னு தெரியும்.”

பெட்டியின் வாய் திறந்திருந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று கேட்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

“கழட்டு,” என்றாள் ஆர்லீன்.