நல்லேரிப் பூங்காவில் பத்து ரவுண்டு

இரண்டாவது போண்டாவைக் கடித்தபோதுதான் ஸ்ரீரங்கன் வாட்ஸ்அப்பில் தன் போட்டோவைப் பார்த்தார். குடியிருப்போர் நலச்சங்கத்தின் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். "ஞாயிறு காலை ஏழு மணி. நல்லேரிப் பூங்கா பத்தாம் ஆண்டு விழா. பூங்காவின் வரலாற்றையும் சிறப்புகளையும் சுற்றிக்காட்டி விளக்குபவர், மூன்று வருடமாக ஒரு நாளும் தவறாமல் இங்கே நடக்கும் திரு. ஸ்ரீரங்கன்."

போண்டா தொண்டையில் நின்றது.

காரணம், அவர் அந்தப் பூங்காவில் ஒரு முழு ரவுண்டு நடந்ததே இல்லை. மூன்று வருடத்துக்கு முன், ரிட்டயரான மாதம், சர்க்கரை என்று சொல்லி டாக்டர் தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். மறுநாள் போனார். அரை ரவுண்டில் மூச்சு வாங்கியது. வெளியே வந்து கிழக்கு கேட்டுக்கு எதிரே இருந்த பச்சையம்மா கடையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் அவருடைய வாக்கிங். ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவார். இரண்டு போண்டா, ஒரு டீ, பேப்பர். ஏழு மணிக்குப் பாட்டில் தண்ணீரைச் சட்டையின் முதுகில் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இதில் அவருக்கே புரியாத ஒன்று இருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. ஒன்பதரையில் இருந்த மூன்று மாதச் சராசரி ஆறரைக்கு வந்து நின்றது. டாக்டர் மற்ற நோயாளிகளிடம் அவரைக் காட்டி, நடந்தால் இப்படி நடக்க வேண்டும் என்றார். தன் உடம்பு வாகு அப்படி என்று ஸ்ரீரங்கன் முடிவு செய்துகொண்டார்.

பச்சையம்மாவும் அவரைத் தனியாகக் கவனித்தாள். ஊருக்கெல்லாம் வாணலியில் பொரித்துக் கொடுப்பவள், அவருக்கு மட்டும் பணியாரம் சுடும் குழிக்கல்லில் சுட்டுத் தருவாள். பழைய வாடிக்கையாளருக்குத் தரும் மரியாதை.

"எங்க வீட்டுல இந்தக் கைப்பக்குவம் கிடையாது பச்சையம்மா," என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அன்று அவர் சட்டையில் தண்ணீர் தெளிக்கக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினார்.

மனைவி நாகலக்ஷ்மி வாசல் குழாயடியில் தூக்குப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வாங்க அதை எடுத்துக்கொண்டுதான் போவாள். பாக்கெட் பாலுக்கு எதற்குத் தூக்கு என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். பாக்கெட் ஒழுகுகிறது என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ரகசியம் வைத்திருப்பவன் அடுத்தவரைக் குடைய மாட்டான்.

"யாரைக் கேட்டு என் பேரைக் கொடுத்த?"

"யாரைக் கேக்கணும்? ஜெயகிருஷ்ணன் சார் ஆள் கிடைக்கலைன்னார். உங்களை விட்டா அந்தப் பார்க்கு வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு முழங்கால் வலி."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து."

அவள் உள்ளே போய் நலச்சங்கச் செயலாளர் ஜெயகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடத்தில் அவரே வந்துவிட்டார். கவலையே வேண்டாம், பேட்டரி கார் ஏற்பாடு செய்துவிட்டேன், நீங்கள் உட்கார்ந்தபடி மைக்கில் சொல்லுங்கள், நாங்கள் பின்னால் நடந்து வருகிறோம் என்றார். மைக் என்றதும் செய்தி பக்கத்துச் சிட்லபாக்கம் வரை போனது. பதினைந்து பேர் வரவேண்டிய இடத்தில் நூறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மாலை ஸ்ரீரங்கன் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போனார். அது ஏப்ரல் மாதம். கேட்டுக்குள் பெரிய வரைபடப் பலகை ஒன்று இருந்தது. எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எண் போட்டு எழுதியிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே நடந்து, கால் மணி நேரத்தில் வழி தவறி, ஒரே புங்க மரத்தை மூன்று தடவை கடந்தார்.

"இன்னா சார், பார்க்குக்குப் புச்சா?" என்று குரல் கேட்டது. செக்யூரிட்டி ஜெயவேலு.

அவரிடம் பாதி உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "நாளைக்கு என்னைப் பார்த்தா தினம் பாக்கற மாதிரி ஒரு வணக்கம் மட்டும் வைங்க. போதும்."

"வச்சிட்டா போச்சு. பேஜார் ஆவாதீங்க," என்றார் ஜெயவேலு. அதற்குள் மூடும் நேரம் வந்து விசில் ஊதிவிட்டார்கள். மீதியைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் கழிவறைக்குள் உட்கார்ந்து வரைபடத்தை மனப்பாடம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் நாகலக்ஷ்மி, பட்டுப் புடவையில். அவளுக்குப் பக்கத்தில் துளசிங்கம். பூங்கா நிற்கும் நிலத்தில் பாதி ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது.

பேட்டரி கார் நகர்ந்தது. ஸ்ரீரங்கன் மைக்கைப் பிடித்தார்.

"வலது பக்கம் பாருங்க. நம்ம வண்ணத்துப்பூச்சிக் கூடம். உள்ளே முப்பத்தாறு வகை இருக்கு."

எல்லோரும் வலது பக்கம் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டபடி வெளியே வந்தார். அது பொதுக் கழிப்பறை.

பலகையில் இருந்தது பத்து வருடத்துக்கு முந்தைய திட்ட வரைபடம். அதில் பாதி கட்டப்படவே இல்லை. மீதி வேறு இடத்தில் கட்டப்பட்டது. தினம் வருகிறவர்கள் யாரும் அந்தப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"இருந்த இடம்," என்றார் ஸ்ரீரங்கன் வேகமாக. "நான் சொல்றது வரலாறு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

துளசிங்கம் கையைத் தூக்கினார். "பார்க்கே வெள்ளத்துக்கு அப்பறந்தான் சார் வந்துச்சு. அப்ப இது எங்க நெலம்."

"அதைத்தான் சொல்றேன். உங்க நெலத்துல இருந்த வண்ணத்துப்பூச்சிங்க."

துளசிங்கம் யோசித்துப் பார்த்து, இருந்திருக்கும் என்றார். கைதட்டினார்கள்.

ரோஜாத் தோட்டம் என்று காட்டிய இடத்தில் பத்துப் பெண்கள் இரும்புக் கம்பிகளில் தொங்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இசை நீரூற்று என்று சொன்ன இடத்தில் சிமென்ட் டைனோசர் நின்றது. படகுத்துறை என்று சொன்ன இடத்தில் எட்டு வடிவக் கூழாங்கல் பாதையில் பெரியவர்கள் வெறுங்காலோடு முகத்தைச் சுளித்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்ரீரங்கன் வரலாறு என்று சொல்லித் தப்பினார். ஒவ்வொரு தடவையும் துளசிங்கம் குறுக்கே வந்து நிஜ வரலாற்றைச் சொன்னார். டைனோசர் நிற்கும் இடத்தில் கிணறு இருந்தது. அவருடைய பெரியப்பா லாரி டயர்களைப் போட்டு அதை மூடி, மனை போட்டு விற்கப் பார்த்தார். விலை போகவில்லை. அப்புறம் செங்கல் சூளை. அப்புறம் ஊர்க் குப்பை. வெள்ளம் வந்தபோது குப்பை மிதந்து செம்பாக்கம் வீடுகளுக்குள் போனது. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் சண்டை போட்டுப் பூங்கா வாங்கினார்கள்.

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. வழிகாட்டியும்தான்.

பறவை பார்க்கும் கோபுரத்தடியில் ஜெயவேலு நின்றிருந்தார். காலைச் சேர்த்து வைத்து ஒரு சல்யூட் அடித்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"வணக்கம் சார். இன்னிக்கு கார்ல வந்துகினு கீறீங்க? சாரு டெய்லி பத்து ரவுண்டுங்க."

வேதா டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர். "ஒரு ரவுண்டு ரெண்டரை கிலோமீட்டர். பத்து ரவுண்டுன்னா இருபத்தஞ்சு. ஒரு மணி நேரத்துலயா சார்?"

ஸ்ரீரங்கன் மைக்கைப் பார்த்தார். மைக்குக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இந்த முறை தண்ணீர் தெளிக்காமலே முதுகு நனைந்தது. நூற்றிருபது பேரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கும் ஒருத்தியைப் பற்றித்தான்.

"அவர் கொஞ்சம் வேகமா நடப்பார்," என்றாள் நாகலக்ஷ்மி.

அவள் சொன்ன விதத்தில் வேதா டீச்சரே தலையாட்டிவிட்டார். ஜெயகிருஷ்ணன் மைக்கை வாங்கினார். இப்படிப்பட்ட ஒருவர் நம்மிடையே இருப்பது நமக்குப் பெருமை என்றார். நாளை முதல் ஐந்தரை மணிக்கு நல்லேரி நடையர் குழு, தலைமை ஸ்ரீரங்கன் சார், நாற்பது பேர் பெயர் கொடுத்தாயிற்று, ஒவ்வொரு காலையும் ஒருவர் முறை வைத்து அவர் வீட்டு வாசலுக்கே போய் அழைத்து வருவார் என்றார். சால்வை போட்டார்கள். முதலில் கை தட்டியவள் நாகலக்ஷ்மி. முழங்கால் வலியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

விழா முடிந்ததும் அவள் சமையல் இருக்கிறது என்று வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார் ஸ்ரீரங்கன். ஊர் முன்னால் தனக்காக அவள் பேசியிருக்கிறாள். இன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அப்படியே கிழக்கு கேட் வழியாக வெளியே வந்து, சால்வையோடு பச்சையம்மா கடையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு போண்டா குடு. இதான் கடைசி."

குழிக்கல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "மாவு இல்ல சார்," என்றாள் அவள்.

பக்கத்தில் அண்டா நிறைய மாவு இருந்தது. வாணலியில் ஊருக்கான போண்டாக்கள் மிதந்துகொண்டிருந்தன. ஸ்ரீரங்கன் விரலை நீட்டி அதைக் காட்டினார்.

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது கடை மாவு சார், உங்க மாவை மூணு வருசமா உங்க வூட்டம்மாதான் தெனம் தூக்குல கரைச்சாந்து குடுத்துகினு இருந்துச்சு, நாளைலேர்ந்து நீங்க நெசமாவே நடக்கப் போறீங்களாம், இனிமே வோணாம்னு விடியக்காலைல சொல்லிட்டுப் பூட்ச்சு."